உண்டியில் கனிக்கு இடம்

இல்லற நலம் – திங்கள் பகுதி

துவாரகையில் வாழும் அம்மையார் ஒருவர் நமக்கு நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பதால், சாரத்தை மட்டும் இங்குத் தருகின்றோம். அவரும் அவர் கணவரும் பதினான்கு திங்களாக மாவுச்சத்தை மிகக் குறைத்த உண்டிமுறை ஒன்றைக் கைக்கொண்டு வருகின்றனர். நம்மவரிடையே ‘பேலியோ’ என்று பெயர் பெற்றிருக்கும் முறைதான் அது. சோறில்லை, இட்லியில்லை, ரொட்டியில்லை, பழமும் இல்லை. முட்டை, பனீர், வெண்ணெய், பாதாம், கீரை, காலிபிளவர் என்று நாட்கள் கழிந்தன. கணவர் 11 கிலோ இளைத்தார். அம்மையார் 4 கிலோ இளைத்தார். கணவர் உட்கொண்டு வந்த நீரிழிவு மாத்திரையின் அளவை மருத்துவர் பாதியாகக் குறைத்தார். இவ்வளவும் நன்மையே.

சென்ற கார்த்திகையில் திண்டுக்கல்லிலிருந்து மாமியார் வந்தார். இரயிலில் ஒரு சீப்புச் சிறுமலை வாழைப்பழத்தை நசுங்காமல் மடியிலேயே வைத்துக் காத்துக் கொணர்ந்தாராம். மகன், “எனக்கு வேண்டாம் அம்மா, அதெல்லாம் சர்க்கரை” என்று கூறி எழுந்துவிட்டார். கணவர் தொடாத ஒன்றைத் தாம் மட்டும் எடுத்து உண்பது எவ்வாறு என்று மருமகளும் தயங்கினார். பழம் குளிர்பெட்டியின் மேலேயே இருந்து கறுத்துப் போயிற்று. முதியவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பும் நாளில் மட்டும், “அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டு வரட்டும், நீயே சொல்” என்று மருமகளைத் தனியே கேட்டாராம். அதற்கு விடை கூறத் தெரியாமல்தான் நமக்கு எழுதுவதாக அம்மையார் குறிப்பிடுகின்றார். இனிப் பழம் உண்ணலாமா, உண்ணலாமெனில் கணவனும் மனைவியும் சேர்ந்தே அம்முறைக்கு மாறுவது எப்படி என்பவை அவர் வினாக்கள்.

நாம் மருத்துவர் அல்லோம். இப்பக்கத்தில் திங்கள்தோறும் எழுதி வருபவர், அவ்வளவே. எனினும் இம்மடலை ஒரு வீட்டின் மடலாக மட்டும் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. கரோல்பாகிலும் மயூர் விஹாரிலும் நொய்டாவிலும் குருகிராமிலும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கின்றது. ஆகலின் இத்திங்கள் இப்பகுதியை இதற்கே ஒதுக்கினோம்.

முதலில் கணவர் பக்கத்து நியாயத்தைக் கூறிவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு ஒன்று 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் 10.1 கோடிப் பேர். அதே ஆய்வைச் சார்ந்து 2025-இல் வந்த கட்டுரை, நம் மக்கள் உணவிலிருந்து பெறும் கலோரிகளில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று காட்டிற்று. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது 310 கிராம் மாவுச்சத்தாகும். காலையில் இட்லியாகவும், நண்பகலில் சோறாகவும், இரவில் தோசையாகவும் அரிசியையே வேடம் மாற்றி மாற்றி உண்ணும் நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. அதைக் குறைத்ததனால் உடல் தேறக் கண்ட ஒருவர், பழைய நிலைக்கு மீண்டுவிடுவோமோ என்று அஞ்சுவது நகைப்புக்குரியதன்று. அன்னையார் நீட்டிய வாழைப்பழத்தில் அவர் கண்டது பழத்தையா? தமது பழைய இடுப்புச் சுற்றளவையே கண்டிருப்பார்.

ஆனால் அந்த 310 கிராமில் பழத்தின் பங்கு எவ்வளவு? ஆய்வாளர் குற்றம் சாட்டியது தீட்டிய அரிசியையும் அரைத்த மாவையும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையையுமே. அவற்றோடு ஒரே தெருவில் குடியிருந்த குற்றத்திற்காகப் பழமும் சிறைப்பட்டது. 2024-இல் ஐதராபாத்துத் தேசிய உணவூட்ட நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் இருத்தல் வேண்டும் என்கின்றது. நூறு கிராம் என்பது நடுத்தரக் கொய்யாப்பழம் ஒன்று. இதைக்கூட நாள் தவறாமல் உண்ணும் வீடுகள் நம்மிடையே எத்தனை என்று வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

மாவுச்சத்தைக் குறைத்து இளைக்கும் முறை புதிதென்று பலர் எண்ணுகின்றனர். இலண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர் 1863-இலேயே இதைப்பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். அரச குடும்பத்துக்குச் சவ அடக்க ஏற்பாடுகள் செய்து வந்த நிறுவனம் அவருடையது. உடல் பருத்து, குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டவும் இயலாதிருந்தவர், மருத்துவர் ஹார்வி கூறியவாறு ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி ஓராண்டளவில் 46 பவுண்டு இளைத்தார். அவருடைய அன்றாட உணவுப் பட்டியலைப் படித்தபோது நமக்கு ஒரு செய்தி கண்ணில் பட்டது. மாலைத் தேநீரோடு அவர் இரண்டு மூன்று அவுன்சு பழம் உண்டு வந்தார்! இம்முறையின் முன்னோடி என்று போற்றப்படுபவர் பழத்தை விலக்கவில்லை. 1972-இல் நூல் எழுதிப் பெரும் புகழ் பெற்ற அமெரிக்க மருத்துவர் அட்கின்சும், தம் பிற்பதிப்புகளில், தொடக்க நாட்களில் 20 கிராம் என்று இறுக்கிப் பிடித்த மாவுச்சத்தைப் படிப்படியாகத் தளர்த்தும்போது பழத்துக்கும் ஒரு படி வைத்தார். முதற்படியிலேயே நின்றுவிட்டு, அதுவே மாடி என்று கூறுவோர் நம்மிடையே மிகுந்துவிட்டனர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நார் போகச் செரிக்கும் மாவுச்சத்தை மட்டும், பழத்தின் சர்க்கரையையும் அதனுள் அடக்கி, 100 கிராமுக்கு இவ்வளவு என்று ஏறத்தாழக் கூறுகின்றோம். தர்பூசணியில் 7 கிராம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு மூன்றும் 9 கிராமை ஒட்டியவை. ஆப்பிள் 11, மாம்பழம் 13, சப்போட்டா 15, வாழை 20. வடித்த சோறு 28. சோற்றை எவரும் 100 கிராமோடு நிறுத்துவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று நம் இலையில் அது மும்முறை விழுகின்றது. கொய்யாவிலோ நாரும் உண்டு. உயிர்ச்சத்து ‘சி’ 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமும் உண்டு. மலிவும் அதுவே. மாத்திரையாக வாங்கி விழுங்குவோர் இதைக் கருத வேண்டுகின்றோம்.

பழம் என்று நாம் கூறுவது கடித்து உண்ணும் பழத்தையே. பிழிந்த சாறு வேறு பொருள். ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று நான்கு ஆரஞ்சு வேண்டும். நார் சக்கையோடு போய்விடும். நான்கு பழங்களின் சர்க்கரை ஒரு நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும். நான்கு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக ஒரே இருக்கையில் உண்டவரை நாம் கண்டதில்லை. அமெரிக்கச் செவிலியர், மருத்துவத் துறையினர் 1,87,000 பேருக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. முழுப்பழம், அதிலும் ஆப்பிளும் திராட்சையும், மிகுதியாக உண்டவர்க்கு நீரிழிவு வருதல் குறைந்தும், சாறு பருகியவர்க்குக் கூடியும் காணப்பட்டது. கவனித்துக் கண்ட தொடர்பே ஒழிய, பழம் நோயைத் தடுக்கும் என்று இதனால் மெய்ப்பித்துவிட்டதாகாது. ஆனால் பழம் நஞ்சு என்பார்க்கு இதில் இடமில்லை என்பது தெளிவு.

இளைப்பதற்கு மாவுச்சத்து ஒழிப்பு ஒன்றே வழியா என்னும் வினாவுக்கும் விடை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் கொழுப்பையும் மறுபிரிவினர் மாவுச்சத்தையும் குறைக்குமாறு செய்து ஓராண்டு கண்காணித்தனர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. சராசரியாக முன்னவர் 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் இளைத்தனர்; பொருட்படுத்தத்தக்க வேற்றுமை இல்லை என்று ஆய்வாளர் முடிவு கட்டினர். இரு பிரிவினர்க்கும் பொதுவாகக் கூறப்பட்ட அறிவுரை, காய்கறியைப் பெருக்குக, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விலக்குக என்பதே. ஆகவே எம்முறையில் இளைத்தோம் என்பதைவிட எம்முறையில் ஆண்டுக்கணக்கில் இருக்க முடியும் என்பதே நம் கவலையாக இருத்தல் வேண்டும். ஈன்ற தாய் கொணர்ந்ததை உண்ண முடியாத முறையில் எத்தனை ஆண்டு இருக்க முடியும்?

மாறும் வழியைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் மருத்துவரிடம் கூறாமல் உண்டியை மாற்றலாகாது. மாவுச்சத்தைக் குறைத்தபோது குறைத்த மருந்து, அதைக் கூட்டும்போது போதாமற் போகலாம். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைக் கொள்பவர் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பில் இருத்தலே இடர்தரும். இரத்தச் சர்க்கரை மிகாதிருக்கும்போதே கீட்டோன் மிகுந்து உயிருக்கு ஊறு நேர்தல் உண்டு. அத்தகையோர் இன்றே மருத்துவரைக் காண்க. சிறுநீரகம் தளர்ந்தவர்க்குப் பொட்டாசியம் மிகுந்த வாழை, ஆரஞ்சு, இளநீர் ஆகியவை அளவறிந்தே தரப்படல் வேண்டும். விளிம்பிப்பழம் என்னும் நட்சத்திரப்பழம் அவர்க்கு அறவே ஆகாது.

இனி வழி. முதல் இரு வாரம் நாளொன்றுக்கு ஆளுக்கு 100 கிராம், கொய்யா அல்லது பப்பாளி, உணவோடு சேர்த்தோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோடோ உண்க. வெறும் வயிற்றில் பழம் மட்டும் உண்பதைவிட இது சர்க்கரையை மெதுவாக ஏற்றும். மூன்றாம் வாரம் 200 கிராம் ஆக்குக. அதன்பின் நண்பகலில் ஒரு கிண்ணம் சோறும் இரவில் இரண்டு ஃபுல்காவும் சேர்க்கலாம். 150 கிராம் சோற்றில் 42, ஃபுல்கா இரண்டில் 40, பாலிலும் தயிரிலும் 15, பருப்பிலும் காயிலும் 25, பழத்தில் 20 அல்லது 25; கூட்டினால் 145 கிராம் அளவு வரும். நாம் மேலே கூறிய 310-இல் பாதிக்கும் குறைவு. கணவர் அஞ்சும் பழைய நிலை இதுவன்று.

ஒரே ஒரு விதியை மட்டும் வற்புறுத்துகின்றோம். பழம் எதன் மேலும் கூடுதலாக வரலாகாது. ஒன்றை விலக்கிவிட்டே அதன் இடத்தில் வருதல் வேண்டும். மாலை ஐந்து மணித் தேநீரோடு வரும் சமோசா, மிக்சர், பிஸ்கட்டு ஆகியவற்றின் இடமே பழத்துக்கு உரியது. அலுவலகப் பையில் ஒரு கொய்யா இருந்தால் போதும். இரவு உணவு முடிந்து தொலைக்காட்சி முன் அமர்ந்து ஒரு தட்டு நிறையப் பழம் வெட்டி வைத்துக்கொள்வதை நாம் பரிந்துரைக்கவில்லை.

மாறத் தொடங்கிய முதற்பத்து நாட்களில் எடைக்கருவி ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டிக் காட்டக்கூடும். இல்லங்களில் பூசல் எழுவது அப்போதுதான். “பார், நான் சொன்னேன் அல்லவா!” என்பார் கணவர். கொழுப்பு அதற்குள் ஏறிவிடுவதில்லை. உடல் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் மாவுச்சத்தைச் சேமிக்கின்றது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்குகின்றது. மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் மளமளவென்று எடை குறைந்ததே, அதிற் பெரும்பங்கு இந்நீர்தான். போன நீர் திரும்புகின்றது, அவ்வளவே. இதை இருவரும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளல் நலம். அம்மாதம் கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இடுப்பை நாடாவால் அளந்துகொண்டால் வீடு அமைதியாயிருக்கும்.

எடையைப் பற்றி மற்றொன்றும் கூறல் வேண்டும். கணவர் 11, மனைவி 4 என்னும் எண்களை மடலில் படித்தபோது, அம்மையார் அதைச் சற்றுக் குறைபாட்டுணர்வோடு எழுதியதாக நமக்குத் தோன்றிற்று. பருத்த உடலும் மிகுந்த தசையும் உடைய ஆடவர் தொடக்கத்தில் விரைந்து இளைப்பது இயல்பு. இருவர் ஒரே தட்டில் உண்டாலும் ஒரே அளவில் இளையார். ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பேசுதலை இருவரும் விட்டுவிடல் வேண்டும்.

கணவரை இசையச் செய்வதெப்படி? வாதத்தால் இயலாது. அவரிடம் சர்க்கரை அளக்கும் கருவி இருக்குமன்றோ? மருத்துவர் இசைவு பெற்று, ஒரு நாள் ஒரு கொய்யா உண்பதற்கு முன்பும் உண்ட இரண்டு மணி நேரத்திற்குப் பின்பும் அவரே அளந்து குறித்துக்கொள்ளட்டும். மற்றொரு நாள் பப்பாளி. பிறிதொரு நாள் பாதி வாழைப்பழம். தம் உடல் எதைத் தாங்குகின்றது, எதைத் தாங்கவில்லை என்று அவர் குறிப்பேடே கூறிவிடும். மனைவி சொல்லைவிடக் கருவியின் எண்ணுக்கு மதிப்பளிக்கும் கணவர் நாட்டில் பலர். வருந்தத்தக்கதே எனினும் பயன்படுத்திக்கொள்ளலாம். பழம் வாங்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுக. செவ்வாய்க்கிழமை மங்கள் பஜாரில் தள்ளுவண்டியருகே நின்று, முகர்ந்து, அமுக்கி, பேரம் பேசி வாங்கி வந்ததை உண்ணாமல் இருப்பது கடினம்.

மாமியாருக்கு விடை இது: பழமே கொண்டு வருக என்று எழுதுங்கள், அரைச் சீப்புப் போதும் என்றும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்கு ஒரு பழம் உரித்துக் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாக உண்டால், ஆளுக்குப் பத்துக் கிராம் மாவுச்சத்துக்கு மேற்போகாது.

அம்மையார் மடலில் ஒரு வரி நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. பதினான்கு திங்களாக ஒரே அடுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு சமையல், தங்களுக்கு ஒரு சமையல் என்று இருமுறை சமைத்து வருவதாகக் குறிப்பிடுகின்றார். அலுவலகம் சென்று வரும் பெண்மணி அவர். உண்டிமுறையைப் புகழ்ந்து பேசுவோர் எவரும் இச்சுமையைக் கணக்கில் எழுதுவதில்லை. கனிக்கும் சிறிதளவு சோற்றுக்கும் இடம் தரும் முறையில் சாம்பார், பொரியல், கீரை, தயிர் ஆகியவை நால்வர்க்கும் பொதுவாகிவிடும். அளவு மட்டுமே வேறுபடும். ஒன்பது வயது மகள், “ஆப்பிள் சாப்பிட்டால் குண்டாகி விடுவேனா?” என்று கேட்டாளாம். இதனை ஆண்டுக்கணக்கில் வளரவிடலாகாது. பெற்றோர் இருவரும் அவள் கண்முன் அமர்ந்து ஆப்பிள் உண்ணுதலே அதற்கு மருந்து.

வடநாட்டில் நல்ல பழம் ஏது என்று சலித்துக்கொள்வோர்க்கு ஒரு சொல். மலைப்பழமும் மட்டிப்பழமும் கிடைக்கவில்லை என்று மூன்று தலைமுறையாகக் குறை கூறி வருகின்றோம். தெருவில் போகும் வண்டியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் அலகாபாத்துக் கொய்யா, உள்ளே சிவந்தது, வந்து குவிகின்றது. ஊர் 2018-இல் பிரயாக்ராஜ் ஆனபின்னும் வண்டிக்காரர் வாயில் பழத்தின் பெயர் மாறவில்லை. மார்கழி தொடங்கிப் பஞ்சாபிலிருந்து கின்னோ. இக்கின்னோவும் நம்மைப் போலக் குடிபெயர்ந்ததே: கலிபோர்னியாவில் இரு ஆரஞ்சு வகைகளை ஒட்டி உண்டாக்கி 1935-இல் வெளியிட்ட இனம், இன்று அபோஹர்ப் பக்கத்து மண்ணையே சொந்த ஊராக்கிக்கொண்டுவிட்டது. மாசியில் இலந்தை. வெயில் ஏறினால் கர்பூஜாவும் தர்பூசணியும். நம் பங்கனபள்ளி இங்கே ‘சஃபேதா’ என்னும் பெயரில் வருவதை அறியாமல், ஊர் மாம்பழத்துக்கு ஏங்குவோரை நாம் கண்டிருக்கின்றோம். வைகாசியில் சில வாரங்களே கிடைக்கும் ஃபால்சா, புளிப்பும் இனிப்புமாக ஊர்க் களாக்காயை நினைவூட்டும். உப்பிட்டு உண்க, சர்க்கரையிட்ட சர்பத்தாக வேண்டா. ஆனி ஆடியில் புதுதில்லியின் சாலைகளெங்கும் நாவற்பழம் உதிர்கின்றது. இராஜபாதை என்றிருந்து 2022 முதல் கர்த்தவ்ய பாதை எனப்படும் பெருஞ்சாலையோரத்து நாவல் மரங்கள் தலைநகர் எழுந்த காலத்தில் நட்டவை. நாவற்பழம் நீரிழிவைத் தீர்க்கும் என்று கூறி அதன் கொட்டைப் பொடியை விற்போரை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் உண்டு, அத்தவற்றைச் செய்யற்க. பழத்தைப் பழமாகவே உண்க. நாக்கு நீலமாகும், வேறு தீங்கில்லை.

நேந்திரம்பழமும் சிறுமலைப் பழமும் தில்லியில் எக்கடையில், எக்கிழமையில் வருகின்றன என்று அறிந்த அன்பர்கள் நமக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், அடுத்த இதழில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம். விலையையும் குறிப்பிடுக.